மூன்று முறை தட்டினால்

ஒரு தட்டுத்தான் தட்டினான். ஸ்பேனர் முனை இரும்புக் குழாயில் பட்டு எழுந்த ஓசை சுவருக்குள் ஏறி மாடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, சிங்க்குக்கு அடியிலிருந்த இணைப்பில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

இத்தனை சீக்கிரமா? குழாய்க்காரன் சிங்க் அலமாரிக்குள் தலையை விட்டபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் மனைவி ஒருநாளும் சொன்ன மாத்திரத்தில் ஒரு வேலையைச் செய்தவள் இல்லை. மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திற என்றால், அதைத் துருப்பிடிக்க விட்ட வீட்டுக்காரருக்கு முதலில் நாலு வசவு, அப்படிப்பட்ட வீட்டு வேலையை ஒத்துக்கொண்ட புருஷனுக்கு அதற்கு மேல் நாலு வசவு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர் வரும்.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவனுக்கு உயரம் ஆகாது. முக்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே கால் வெடவெடக்கும். அவளுக்கு இருட்டு ஆகாது; சிங்க்குக்கு அடியில் தலையை விடு என்றால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் தொட்டிப் பக்கம் அவள், தரைப் பக்கம் அவன். மாடிக்கும் சமையலறைக்கும் மாறி மாறிக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருநாள் அவள் கண்டுபிடித்ததுதான் இந்தத் தட்டு. ஒரு தட்டு என்றால் திற. இரண்டு என்றால் மூடு. மூன்று என்றால் வா. பிளாஸ்டிக் குழாயில் இதெல்லாம் எடுபடாது. இது பழைய வீடு, முழுக்க இரும்புக் குழாய். முன்வாசலில் தட்டினால்கூட மொட்டைமாடியில் கேட்கும்.

அவளுக்கென்று ஒரு பதிலும் உண்டு. சொன்னதைச் செய்து முடித்ததும் மோதிரத்தைக் குழாயின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். கிர்ர் என்று கேட்கும். 'ஆச்சு' என்று அர்த்தம். கையில் காசில்லாத காலத்தில், பித்தளை இணைப்பொன்றை அறுத்து, ராவி, அவனே செய்து போட்ட மோதிரம் அது. தங்க மோதிரம் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டான், அவள் கழற்ற மறுத்துவிட்டாள்.

இன்றைக்குத் தண்ணீர் வந்தது. கிர்ர் வரவில்லை.

கோபம், என்று நினைத்துக்கொண்டான். காலையில் ஒரு வீட்டில், ஆட்கள் முன்னால், "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவள் சொன்னதுதான் சரியென்று பிறகு தெரிந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அவனும் ஆம்பிளையாயிற்றே! அவள் வாஷர் வாங்கப் போய்விட்டாள், இவன் முன்னால் வந்து இந்த வீட்டைத் திறந்தான். கொஞ்சம் முன்பு, இவன் அலமாரிக்குள் நுழைந்திருந்த நேரம், யாரோ சமையலறை வாசலைக் கடந்து மாடிப்படி ஏறும் ஓசை கேட்டது. "வந்துட்டியா?" என்று கேட்டான். பதில் இல்லை. சரி, மேஸ்திரியம்மாவுக்கு இன்னும் கோபம் இறங்கவில்லை என்று வேலையைப் பார்த்தான்.

வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், புதிதாகக் குடிவருகிறவர்களுக்காகக் குழாயைச் சரிபண்ணச் சொல்லியிருந்தார். கரண்ட் கிடையாது. செல்போனை டார்ச்சாக்கி அலமாரி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தான். வெளியே இப்போதுதான் மழை மூட்டம் கட்டியிருந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே ஜன்னல் கறுத்துவிட்டது. அலமாரிக்குள் நனைந்த பலகையின் வாடையும் செத்த கரப்பான்களின் வாடையும் இருந்தன. இப்போது அவற்றுக்கு மேல் இன்னொன்று, இந்தத் தண்ணீரோடு வந்தது. மாதக்கணக்கில் வாளியில் கிடந்த துணியின் வாடை. பகல் முழுக்க வெயில் பட்ட தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது விரலை மரக்க வைத்தது.

ஒழுகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினான்.

தண்ணீர் நின்றது. சட்டென்று.

மேலே இருப்பது பழைய வால்வு. பல சுற்றுச் சுற்றினால்தான் மூடும். தண்ணீர் மெல்ல மெல்ல இளைத்து, நூலாகி, சொட்டாகித்தான் நிற்கும். ஒரே நொடியில் நிறுத்த எந்தக் கொம்பனாலும் முடியாது. மறுபடி ஒன்று தட்டினான். வந்தது. இரண்டு தட்டினான். நின்றது. ஒவ்வொரு முறையும் தட்டி முடிப்பதற்கு முன்பே, அடுத்த தட்டுக்காகக் குழாயில் காதை ஒட்டவைத்துக் காத்திருப்பதைப் போல.

"ஏய், போதும் கோபம்," என்று குழாயைப் பார்த்தே சொன்னான். "நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கறேன், போதுமா?"

குழாய்க்குள் எங்கோ உயரத்தில் க்ளக் என்று ஒரு ஓசை. காற்று அடைத்திருக்கும். காற்றுத்தான்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. மேலே இருட்டியிருக்கும். இருட்டென்றால் படுக்கையறைக்கே துணை கேட்கிறவள், வீம்புக்காக மொட்டைமாடியில் தனியாக நிற்கிறாள். பாவம்! வாஷரை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், முதலில் அவளைக் கீழே வரவழைத்துச் சமாதானம் பண்ண வேண்டும். ஸ்பேனரை எடுத்து, ஆசையாக, மெதுவாக, மூன்று தட்டுத் தட்டினான்.

வா.

செல்போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

"என்னங்க, ஆரம்பிச்சிட்டீங்களா? கடையில ஒரே கூட்டம், இப்பதான் வாஷரே கையில கிடைச்சுது. இதோ கிளம்பிட்டேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குழாயைப் பார்த்தான்.

"என்ன சத்தத்தையே காணோம்? காலையில நடந்ததுக்கு இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்களா? நான் அப்பவே மறந்துட்டேன் போங்க."

"நீ... எங்க இருக்கே?"

"சொன்னேனே, கடை வாசல்லனு. ஹெல்மெட் மாட்டறேன், வச்சிடறேன்."

"வேணாம். வராதே. நீ நேரா வீட்டுக்குப்..."

துண்டித்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியதே அவன்தான்.

போன் வெளிச்சம் தரையில் விழுந்தது. முழங்கால் பக்கத்தில், வந்ததும் அவன் கழற்றிப் போட்ட சாவி வளையம் கிடந்தது. வீட்டுக்காரர் கொடுத்த இரண்டு சாவிகள். ஒன்று வாசல் கதவுக்கு. இன்னொன்று மொட்டைமாடிக் கதவின் பூட்டுக்கு.

மாடிக் கதவை யாரும் திறக்கவில்லை.

அப்போது மேலே, படிக்கட்டின் உச்சியில், ஒரு காலடி விழுந்தது. நனைந்த கால். தரையில் ஒட்டியது, பிசுக்கென்று பிரிந்தது. அடுத்த படி. ஒட்டியது. பிரிந்தது. அவசரமே இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வருகிற கால், போக வேண்டிய இடம் தெரிந்த கால். அவன்தானே கூப்பிட்டான்!

போன் வெளிச்சத்தை அணைத்தான். அணைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிந்தது, மறுபடி போடத் துணிவில்லை. காலடி படிக்கட்டின் வளைவுக்கு வந்துவிட்டது. இன்னும் சில படிகள்தான். பிறகு நடை. பிறகு சமையலறை.

கை தானாக ஸ்பேனரைத் தேடியது. இரண்டு தட்டினான்.

காலடி நின்றது.

இருட்டில் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும். படியிலிருந்து படிக்கு. கேட்கிறது, சொன்னால் கேட்கிறது, தட்டினால் கேட்கிறது. கடவுளே, அங்கேயே நிற்கட்டும். வாசலுக்குப் போக வேண்டுமானால் அந்தப் படிக்கட்டின் அடியைத் தாண்டித்தான் போக வேண்டும். போயாக வேண்டும். அவள் கேட்டைத் திறப்பதற்கு முன்பே தெருவில் மறித்து, வண்டியோடு திருப்பி அனுப்ப வேண்டும். எழுந்திரு என்று காலிடம் சொன்னான். கால் கேட்கவில்லை. பயம், வேறு ஒன்றுமில்லை, வெறும் பயம். நாலு பேர் முன்னால் அவளைச் சும்மா இரு என்று சொன்ன வாய் இப்போது பல்லோடு பல் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு முழங்காலை நகர்த்தினான். அடுத்ததை நகர்த்தினான். அலமாரியை விட்டு வெளியே வந்தான்.

தெருவில் வண்டிச் சத்தம். அந்த வண்டிதான், அதன் இருமலை எந்த நெரிசலிலும் கண்டுபிடித்துவிடுவான். நின்றது. கேட்டின் கீல் முனகியது.

அடுத்து அவள் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற வீட்டில் வாசலில் நின்று கத்துவது அவளுக்குப் பிடிக்காது. முன்வாசலில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒன்று இருக்கும். எந்த வீட்டிலும் இருக்கும். அதில் மூன்று தட்டி, தான்தான் என்று மோதிரத்தால் ஒரு இழுப்பும் இழுத்து அவனைக் கூப்பிடுவாள்.

தட்டாதே. வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது.

தட். தட். தட். கிர்ர்.

படிக்கட்டில் ஒட்டியிருந்த கால் பிரிந்தது.

அது இறங்கியது. நடைக்கு வந்தது. சமையலறை வாசலைக் கடந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது. சில்லென்று ஒரு குளிர் முகத்தைத் தடவிவிட்டுப் போனது. அந்த வாடை. அந்தத் துணி வாடை. காலடி வாசல் பக்கம் போனது.

வெளியே அவள் சிரிப்பது கேட்டது.

"ஐயய்யோ, என்னங்க இது கோலம்? தொட்டிக்குள்ளயே விழுந்துட்டீங்களா?" சிரிப்பு. "ஏன் இருட்டுல நிக்கறீங்க? பேச மாட்டீங்களா? சரி, கையைக் குடுங்க, வாஷரை... என்ன இது, கை ஏன் இப்படி..."

அப்புறம் ஒன்றுமில்லை.

"ஏய்!" இப்போது வந்தது குரல். இப்போது வந்தது கால். சுவரில் மோதி, வாசற்படியில் தடுக்கி ஓடினான். கேட் திறந்து கிடந்தது. வண்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் கவிழ்ந்து கிடந்தது. செடிக்குழாயின் அடியில் வாஷர் பொட்டலம். தெருவில் இருபுறமும் ஆளில்லை. ஈரச் சுவடுகள் வீட்டுக்குள்ளிருந்து குழாய்வரை வந்திருந்தன. திரும்பிப் போன சுவடு இல்லை. அவளுடைய செருப்பு இரண்டும் ஜோடியாக, கழற்றி வைத்த மாதிரி இருந்தன.

செடிக்குழாய் அதிர்ந்தது.

மேலேயிருந்து. மொட்டைமாடியிலிருந்து. தட். தட். தட்.

கிர்ர்.

அவள்தான்! அந்த இழுப்பு அவளுடையது, அந்த மோதிரம் அவன் செய்தது. உயிரோடு இருக்கிறாள், அவனைக் கூப்பிடுகிறாள். சமையலறைக்கு ஓடி, தரையில் கிடந்த சாவியைப் பொறுக்கிக்கொண்டு படியேறினான். உயரம் ஆகாத கால் இரண்டிரண்டு படியாகத் தாண்டியது. படிக்கட்டுச் சுவரையொட்டி இரும்புக் குழாயும் கூடவே ஏறியது. உச்சியில் மாடிக் கதவு. பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

தட். தட். தட். கிர்ர். கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில்.

"வந்துட்டேன். பயப்படாதே, வந்துட்டேன்மா."

சாவி துருவில் சிக்கியது. அப்போது இன்னொரு தட்டு கேட்டது. தூரத்தில், தொட்டிப் பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக. இரண்டு தட்டு. மூடு. மறுபடி இரண்டு. மூடு. கிர்ர் இல்லை.

அது. இழுப்பு இல்லாத தட்டு அதனுடையதுதானே! அவன் திறந்துவிடக் கூடாதென்று தடுக்கப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகினான். பூட்டு விழுந்தது. தாழை இழுத்தான்.

கதவு ஒரு விரற்கடை விலகியது. நின்றது.

இடுக்கின் வழியே விரல்கள் வந்தன. வெளுத்து, தண்ணீரில் ஊறிப் பருத்த விரல்கள், ஒவ்வொன்றாக, கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. அவற்றில் ஒன்றில் அவன் செய்த பித்தளை மோதிரம் இருந்தது. முதல் கணுவைத் தாண்ட முடியாமல், சதையைப் பிதுக்கிக்கொண்டு இறுகி நின்றது.

தொட்டிப் பக்கமிருந்து, வெறும் விரலால், மறுபடியும் இரண்டு தட்டு.