ஓரத்தில் விட்ட இடம்

அப்பா எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே குறை. வலது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெற்றிடம். மிச்சத்தில் மொத்தக் குடும்பமும் இடித்துக்கொண்டு நிற்கும். "நெருங்கி நில்லுங்க, ஓரத்துல இடம் விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் விரட்டுவார். "அப்பா நம்மள எடுக்கலடி, செவுத்த எடுக்கறாரு" என்று அண்ணன் கேலி செய்வான்.

மகளுக்கு இப்போது சிரிக்கவும் தெம்பில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, அப்பாவுக்குத் துணி மாற்றி, ஊட்டி, படுக்க வைத்து நிமிர்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். அவர் ஞாபகமோ கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எட்டு மாதமாக அவளை "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். பழைய படங்களை ஒட்டி ஆல்பம் செய்து காட்டச் சொன்னார் டாக்டர். ஒரே ஒரு தடவை பழையபடி "குட்டி" என்று அழைத்துவிட்டால் போதும், பட்ட பாடெல்லாம் மறந்துபோகும் என்றிருந்தது அவளுக்கு.

பக்கத்துக்கு நான்கு படம் கொள்ள வேண்டுமே. அந்த வெற்று ஓரங்களை மூன்று நாளாக நறுக்கிக் கூடையில் போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கடைசிப் படத்தையும் ஒட்டி முடித்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுவதும், பசை காயும் புளித்த வாடையும், அப்பாவின் அறையிலிருந்து வரும் மருந்து நெடியும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்க, காலடியில் கூடை சரசரத்தது. எலியாக இருக்கும். குனிந்து பார்க்கவும் அலுப்பு. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா பக்கங்களைப் புரட்டினார். முகங்களை அவர் பார்க்கவில்லை. வெட்டிய விளிம்புகளையே விரல் தடவியது.

"எங்க அவன்?"

"யாருப்பா?"

"இங்க நிப்பானே."

"அது வெறும் செவுருப்பா. இடம் பத்தலன்னு வெட்டிட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

அப்பா ஆல்பத்தை மூடினார். "அடிப் பாவி மகளே! அதுலயே நிக்கட்டும்னுதானே இத்தனை வருஷம் இடம் விட்டு வச்சேன். இனிமே அவன் எங்க நிப்பான்?"

மகளே என்றுவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ திரும்ப ஒட்டிவிடலாம் என்று கூடத்துக்கு ஓடினாள்.

கூடை காலி.

துண்டுகள் தரையில் கிடந்தன. ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக. மேசையடியில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அப்பாவின் அறைக்குள் போயின. சற்றுமுன் அவள் ஓடிவந்த வழி. அப்போது தரையில் ஒன்றுமில்லை.

சரசரப்பு நின்றிருந்தது. மழை மட்டும்.

"குட்டி."

அப்பாவின் குரல். எட்டு மாதம் காத்திருந்த சொல்.

வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்பா கட்டிலில் சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தார். கை நீண்டு அவளை அழைத்தது. கண் மட்டும் அவள்மேல் இல்லை. அவள் தோளுக்கு வலப்பக்கம், சற்று உயரத்தில்.

"வா குட்டி. எங்கிட்ட நெருங்கி உக்காரு. ஓரத்துல இடம் விடு."

ஓடிப்போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம்.

மெத்தை அங்கே மெல்ல அமுங்கியது.