பழுப்பு ஒட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. ஹார்ட்வெல் ஊருக்குச் சொந்தமான ஐஸ் ஹாக்கி அரங்கில், விளக்கைப் போட்ட ஐஸ் பராமரிப்பாளன் ஓரெஸ்ட் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைத் தளத்தின் ஒரு மூலையில், காபித் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புச் சதுரம். யாரோ ஐஸை அறுத்து எடுத்துக்கொண்டு, பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அக்டோபரில் முதல் அடுக்கு ஐஸின் மேல் ஊரார் பெயிண்டால் பெயர் எழுத, அதன் மேல்தான் மீதி ஐஸ் போடுவார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றும் கூடவே போயிருந்தது. யாருடையது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

ஐஸ் திருட்டு. அதுவும் கனடாவின் சஸ்காட்சுவானில், மார்ச்சிலும் வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கும் ஊரில். கேன்டீன் நடத்தும் பெர்னிஸுக்கு இது போதாதா? யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெருவில் நின்றே சொல்லக்கூடியவள் அவள். அன்று அவளுக்கு வேறோர் எரிச்சலும் இருந்தது. இரவே தண்ணீர் ஊற்றி வைத்த, பழைய காபிக் கறை மண்டிய பாய்லர் காலியாகக் கிடந்தது. வயதாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி நிரப்பினாள்.

மதியத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஐஸுக்கு அடியில் குளிரூட்டும் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றைத் தொடாமல் அறுக்க ஐஸ் போடுகிறவனால்தான் முடியும். வழக்கம்போல மாலை ஆறு மணிக்கு அரங்கக் குழுக் கூட்டம். ஓரெஸ்டின் வேலை போய்விடும் என்றார்கள்.

"இருபது வருஷமா நான் போடுற ஐஸ். நாளைக்கு ஃபைனல். நானே வெட்டுவேனா, பெர்னிஸ்?"

"புலம்பாதே. நீயா இருந்தா பள்ளத்தை எப்படி அடைப்பே?"

"சுடுதண்ணியிலதான். பச்சைத் தண்ணின்னா ஆட்டத்துல பேந்துடும். எவனோ அதைச் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

"சுடுதண்ணிக்கு எங்க போவே?"

"இதென்ன கேள்வி? மெஷின் ரூம்ல குழாய் இருக்கு. சாவி என்கிட்ட மட்டும்தான்."

பெர்னிஸ் குனிந்து, பழுப்பு ஒட்டை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். ஓரெஸ்ட் முகம் சுளித்தான். அவள் சுளிக்கவில்லை. ஊரே பழிக்கும் அவளுடைய காபியின் ருசி அது.

ஐந்து மணிக்குக் குழுத் தலைவர் வெண்டல் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் மனைவி பிலிஸ் ஜனவரியில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததாகத் தகவல் இல்லை. அவள் இருந்தபோதும் இவர் சூடாகச் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை. எந்நேரமும் அரங்கமே கதி.

"கூட்டத்துக்குக் கிளம்பணும், பெர்னிஸ்."

"கிளம்பலாம். என் பாய்லர் தண்ணி எங்க போச்சு?"

வெண்டல் கோட்டுப் பொத்தான்களைப் போடத் தொடங்கினார்.

"ஓரெஸ்டுக்கு என் பாய்லர் எதுக்கு? மெஷின் ரூம் சாவி இல்லாத, கேன்டீன் சாவி இருக்கிற ஆள்தான் இதைச் செஞ்சது. கேன்டீன் சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உன்கிட்ட. வருஷா வருஷம் ஐஸ் போடுறப்ப குழாயெல்லாம் எவ்வளவு ஆழத்துல ஓடுதுன்னு கூட நின்னு பார்க்கறவனும் நீதான். பசங்க தடுக்கி விழுவாங்களேன்னு அடைச்சே பாரு, அதுலதான் மாட்டிக்கிட்டே. ஃப்ரீசரைத் திற, வெண்டல்."

திறந்தார். மான்கறிப் பொட்டலங்களுக்கு மேல், துண்டு சுற்றிய ஐஸ் பலகை. எல்லோரும் பெயர் எழுதிய இடத்தில் பிலிஸ் நீலப் பெயிண்டால் எழுதியிருந்தாள்: 'வெண்டல், ஆறு மணிக்குச் சாப்பாடு. ஒரு நாளாவது வா.'

பெர்னிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். "கேட்டிருந்தா ஓரெஸ்டே வெட்டிக் குடுத்திருப்பானே."

"கேட்டா இதைக் காட்டணுமே. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சா ஊரே அங்கதான் கிடக்கும். சீசன் முடிஞ்சுதுன்னு திங்கக்கிழமை எல்லா ஐஸையும் உருக்கிடுவாங்க." பலகையின் ஓரத்தைத் துண்டால் மூடினார். "மளிகைச் சீட்டுல எல்லாம் அவ கையெழுத்து இருக்கு, பெர்னிஸ். அதுல எதுலயும் என் பேரு இல்லை."

கூட்டத்தில் வெண்டல் எழுந்து, அறுத்தது தான்தான் என்றார். ஓரெஸ்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எதற்காக அறுத்தார் என்று எல்லோரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். அவள் காபி ஊற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

"இன்னொரு விஷயம்," என்றார் வெண்டல். "இனிமே கூட்டத்தை ஏழு மணிக்கு வெச்சுக்கலாம். ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்."