ஒன்பது மூக்கு ரேகைகள்

செவ்வாயின் புதுக்காங்கயம் வட்டத்தில் காலை ஆறு மணிக்குக் காற்று திறந்துவிடுவார்கள். அதுவரை பூவாத்தாளும் அவளுடைய ஒன்பது ஆடுகளும் நேற்றைய மிச்சத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். குழாய் இரைந்ததும் ஆடுகள் தும்மும். அவள் பால் கறக்க உட்காருவாள்.

புழுதிக் காய்ச்சல் பரவிய பதினான்கு மாதமும் குடியிருப்புக் கதவுகள் பூட்டியே கிடந்தன. பால் வாங்க ஆளில்லை. ஆடுகளுக்கு அது புரியவா போகிறது? தின்றன, கறந்தன. பாலைத் தரையில் கொட்டிவிட்டு அழுதாள் பூவாத்தாள். இப்போது பட்டிக்குள் வரும் காற்றைச் சுத்தம் செய்யும் காற்றுவடிக்கு இன்னும் இருபது நாள்தான் ஆயுள். புதிது மாட்டக் காசில்லாவிட்டால் ஒன்பதையும் கறிக்குத் தள்ள வேண்டியதுதான். அரசாங்கம் அறிவித்த கொள்ளைநோய் நிவாரணத்தை நம்பித்தான் இருந்தாள். ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு.

கணக்கெடுக்க எந்திரம் வருவதற்கு முந்தின நாள் பக்கத்துப் பட்டி தெய்வசிகாமணி வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, என்கிட்ட நாலுதான் இருக்குது. உங்க ஒம்பதையும் ஒரு மணி நேரம் என்ற பட்டியில நிறுத்திக்கட்டுங்களா? எண்ணி முடிச்சதும் பின்வாசல்ல ஓட்டி உட்டர்றனுங்க."

எண்ணிக்கைக்கு ஆடு இரவல் கேட்பது அந்த வட்டத்தில் வழக்கம்தான். பூமியிலிருந்து வந்த முதல் கப்பலிலேயே ஏறி வந்துவிட்ட வழக்கம். அதோடு, அவள் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போனவன் இவன். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த முறை எந்திரம் தலையை மட்டும் எண்ணவில்லை, ஒவ்வொரு ஆட்டின் மூக்கு ரேகையையும் உரியவர் பெயரில் பதிந்தது என்பது இருவருக்கும் தெரியாது.

மறுநாள் தெய்வசிகாமணியின் பட்டியை எண்ணிவிட்டுப் பூவாத்தாளின் பட்டிக்குள் வந்த எந்திரம், பின்வாசலில் திரும்பி வந்திருந்த ஒன்பது மூக்குகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"அம்மையீர், இவை தெய்வசிகாமணியின் ஆடுகள். தங்களுடையவை எங்கே?"

பூவாத்தாள் ஆடுகளுக்கு முன்னால் போய் நின்றாள். அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. ஆனாலும் ஆடுகள் போனால் பிழைப்பு ஏது?

"என்ற ஆடுங்க சாமி! இரவலுக்கு அனுப்பிச்சது தப்புத்தான். இதா, என்ற குரலக் கேட்டதும் எப்படி வருதுன்னு பாருங்க!"

அவள் கூப்பிட்டாள். ஒன்பதும் வந்து அவள் மடியை முட்டின. எந்திரத்தின் பதினான்கு கண்களும் அதைப் பார்த்தன. ஆனால் அது தொழில் கற்றது பூமியிலிருந்து கொண்டுவந்த இருநூறு ஆண்டு அலுவலகக் கோப்புகளைப் படித்து.

"பதிவில் தங்களுக்கு ஆடுகள் இல்லை. பதிவைத் திருத்தப் பதினோரு மாதம் ஆகும். ஆனால் நோய்க்காலத்தில் எல்லாவற்றையும் இழந்தவருக்கு மூன்று மடங்கு நிவாரணம் உண்டு."

பாசியில் செய்த தாளில் 'கால்நடை அற்றவர்' சான்றை அச்சிட்டு நீட்டியது. அதைக் காட்டினால்தான் பணம். பூவாத்தாள் வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் மூத்த கிடாய் கழுத்தை நீட்டி, தாளைப் பிடுங்கி மென்று விழுங்கிவிட்டது.

"ஐயோ! இன்னொண்ணு குடுங்க சாமி!"

"நகல் தரலாம். சான்று அழிந்ததற்குக் காரணம்?"

"ஆடு தின்னுபோட்டுதுங்க."

"தங்களிடம் ஆடு இல்லை. காரணம் ஏற்கப்படவில்லை."

"இப்பத்தான் உங்க கண்ணு முன்னால தின்னுச்சு!"

"காரணம் ஏற்கப்படவில்லை."

பூவாத்தாள் கிடாயைப் பார்த்தாள். அதன் வாயோரம் சான்றின் ஒரு மூலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றுவடியின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அரசாங்கத்திடம் முதல் பொய்யைச் சொன்னாள்.

"பக்கத்துப் பட்டி ஆடுங்க. கயித்த அறுத்துட்டு வந்து தின்னுபோட்டுது."

எந்திரத்தின் கண்கள் எல்லாம் பச்சையாயின. புதிய சான்று வெளியே வந்தது.

"உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அம்மையீர்" என்றது எந்திரம். பிறகு, வாசலை மறித்து நின்ற ஒன்பது ஆடுகளில் ஒன்றையும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து வெளியே போனது.