பிப்ரவரியில் ஒரு கிறிஸ்துமஸ் பாஸ்தா

பிசையப் பிசைய மாவு கறுத்துக்கொண்டே வந்தது. நீவெஸ் கையை எடுத்துவிட்டு அதை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, பாஸ்தாவுக்குக் கோதுமை மாவோட செஸ்ட்நட் மாவச் சேத்தா இவ்வளவு கறுப்பாவா வரும்?"

அடுப்பருகே நின்ற அப்பா ஈவோ திரும்பிப் பார்த்தார்.

"எந்த டப்பாலேருந்து எடுத்தே?"

"மேல் தட்டுல இருக்கிற பச்சை டப்பா. அதுலதானே எப்பவும் இருக்கும்?"

"ஐயோ, அதுல கோகோத் தூள் இருக்குடி! வாசனைகூடவா தெரியல?"

"மூணு நாளா மூக்கு அடைச்சிருக்கே!"

வீட்டிலிருந்த பத்து முட்டையும் அந்த மாவுக்குள் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இத்தாலியின் பெருஜியா நகரில் அவர்கள் தெருக் கடை மூடியிருந்தது. ஒரு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தனை நாளும் கீழ்வீட்டு ஜேனோ மாமாதான் நீவெஸைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். மாடிவீட்டு டெலியா அத்தை தினமும் சாயங்காலம் சுடச்சுட சூப் கொண்டுவந்து கொடுத்தாள். போன வாரம்தான் அம்மா வீடு திரும்பினாள். இருவரையும் கூப்பிட்டு விருந்து வைப்பது நீவெஸின் யோசனை. பாஸ்தா பிசையும் வேலையையும் அவளே அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"ரொட்டிய வச்சு சமாளிச்சிடலாம்" என்றார் அப்பா.

"நன்றி சொல்லக் கூப்பிட்டுட்டு வெறும் ரொட்டியா?"

"இதைப் பாத்தா ஜேனோ விடுவாரா? உப்பு ஒரு கல்லு கூடினாலே ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு."

 நீவெஸ் மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, தேய்த்து, நாடாபோல வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டாள். வெந்ததும் எடுத்து, அப்பா கிளறிக்கொண்டிருந்த இறைச்சிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். மூக்கு அடைத்திருந்தாலும் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்பா, இது இனிக்கவே இல்ல! லேசா கசக்குது. குழம்போட சேந்தா நல்லா இருக்கு!"

அப்பாவும் ஒரு துண்டு தின்று பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"அது சரி, மாவு டப்பாவுல எதுக்கு கோகோவப் போட்டீங்க?"

அப்பாவின் குரல் தணிந்தது. "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எப்பவும் செய்யற இனிப்பு வால்நட் பாஸ்தாவுக்கு வாங்கினேன். அன்னைக்குத்தான் அம்மாவுக்கு முடியாமப் போச்சு. கையில கெடச்ச டப்பாவுல கொட்டிட்டு ஓடினேன்."

"அந்த வால்நட் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா கிறிஸ்துமஸ் பாஸ்தாவ பிப்ரவரியில யாராவது செய்வாங்களா?"

"அம்மாவுக்குத்தான் இன்னும் கிறிஸ்துமஸே வரலையே, அப்பா."

 அப்பா வால்நட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டார்.

பாதி மாவு குழம்புக்கு. மீதியை நீவெஸ் குட்டையாக வெட்டி வேகவைத்து, பொடித்த வால்நட், சர்க்கரை, பட்டைத் தூள், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுப் பிரட்டினாள். அது ஆறித்தான் சாப்பிட வேண்டியது. கிண்ணத்தைக் குளிர்ந்த ஜன்னலோரம் வைத்தாள்.

ஒரு மணிக்கு ஜேனோ மாமா தட்டைப் பார்த்தார்.

"என்ன நீவெஸ், பாஸ்தாவுக்கு ஷூ பாலிஷ் போட்டுட்டியா?"

"சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, மாமா."

மாமா ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் பேச்சே இல்லை. கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைச் சுத்தமாகத் துடைத்துத் தின்றார்.

"இவர் வாய மூட வச்சுட்டியே, கண்ணு!" என்றாள் டெலியா அத்தை.

அடுத்து இனிப்புப் பாஸ்தா வந்தது. அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... கிறிஸ்துமஸ் பாஸ்தா இல்ல?"

"கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா" என்றாள் நீவெஸ்.

அம்மா மெதுவாகச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் ஒரு தட்டை முழுசாகக் காலி செய்தது அன்றுதான்.

"ஜேனோ, டெலியா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள். 

"நன்றியத்தான் இவ்வளவு நேரமா தின்னுட்டு இருக்கோமே!" என்றாள் அத்தை.

கிண்ணத்தில் கடைசியாக ஒரு கரண்டிப் பாஸ்தா மிச்சமிருந்தது. ஜேனோ மாமாவின் முள்கரண்டி அதை நோக்கிப் போனது. அம்மாவின் கண்ணும் அங்கேயே இருந்தது. மாமா அதைக் கவனித்தார். ஒரு பெருமூச்சு விட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தை அம்மா பக்கம் தள்ளினார்.