சங்கரன்கோவில் என்று எழுதிய பெட்டி

ஜெபிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். வராதா பின்னே?

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அப்பாவோடு லீவைக் கழித்துவிட்டு, அம்மாவும் அவளும் சங்கரன்கோவிலுக்குத் திரும்புகிறார்கள். விமானத்தில் முன் சீட்டுக்காரர் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான், நிமிரவே இல்லை. அவர் தலை இவள் மடிக்கு வராததுதான் பாக்கி. தண்ணீர் கேட்டதற்கு, "இதோ" என்று போன பணிப்பெண் அக்கா விமானம் தரையிறங்கும் வரை வரவில்லை.

"இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

"சும்மா இரு ஏட்டி. சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு வாய்?" என்றாள் அம்மா.

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் அருகே நின்றார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் தனியாகச் சுற்றியது. நீலக் கயிறு கட்டி, மேலே பெரிதாக 'சங்கரன்கோவில்' என்று எழுதியிருந்தது.

"அன்னா வந்துட்டு!" என்றாள் அம்மா.

"இது நம்ம பெட்டி இல்லம்மா. அப்பா இப்படிக் கோணலா எழுத மாட்டாங்க."

அப்பா பெட்டியில் யார் பெயரையும் எழுதவில்லை. "இந்த பிளேன்ல நம்ம ஊர்க்காரன் வேற எவன் வரப் போறான்?" என்று ஊர்ப் பெயரோடு விட்டுவிட்டார். இன்னொருவரும் அப்படியே நினைத்து, இவர்கள் பெட்டியைத் தன்னுடையது என்று எடுத்துப் போய்விட்டார்!

ஜெபிதாவுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய ஸ்கேட்டிங் ஷூ அப்பா கட்டிய பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொன்னாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுவும் பெட்டிதானே பாப்பா? எடுத்துட்டுப் போ."

"அடுத்தவங்க பெட்டியை நான் எதுக்கு எடுக்கணும்?"

அவள் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையைக் கிள்ளினாள்.

ஜெபிதா யோசித்தாள். வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

"இதை அவங்ககிட்ட குடுத்துட்டு நம்மளத வாங்கிருவோம்."

"அவிய இந்நேரம் போயிருப்பாவளே!"

"நம்ம ஊர்க்காரங்க சாப்பிடாமக் கெளம்புவாங்களா?"

அவள் சொன்னது சரிதான். ஒருத்தரை அழைத்துப்போக வேன் நிறைய ஆள் வந்திருந்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலேயே புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்திருந்தார்கள். வேனுக்கு மேலே அப்பாவின் நேரான எழுத்து!

"மாமா, மேல இருக்கது எங்க பெட்டி. உங்களுது இது."

பெரிய மீசைக்காரர் ஒருவர் வாய் நிறையச் சோற்றோடு முறைத்தார்.

"ஊர்ப் பேரு எழுதியிருக்கது தெரியலையா? அது எம் பெட்டிதான். போ, போ."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்த கோபமெல்லாம் வெடித்தது.

"நீங்க பாக்கக்கூட இல்லையே! சின்னப் பிள்ளை சொன்னா கேக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? எறக்கிச் சாய்ச்சுப் பாருங்க. உள்ள ஸ்கேட்டிங் ஷூ இருக்கு, சக்கரம் உருளும்."

சாப்பிட்ட கைகளெல்லாம் அப்படியே நின்றன. வேன் டிரைவர் ஏறிப் பெட்டியை இறக்கினார். மீசைக்காரர் வேண்டாவெறுப்பாகச் சாய்த்தார்.

கடகடகட!

"ஆத்தாடி! நான் கம்பளியல்லவா வாங்கினேன்!" என்று அவர் தலையில் கை வைத்தார். "தப்புதான் மக்கா. கேட்டிருக்கணும்."

ஜெபிதா டிரைவரிடம் மார்க்கர் பேனா வாங்கி, தன் பெட்டியில் 'ஜெபிதா' என்று பெரிதாக எழுதினாள். மீசைக்காரர் தன் பெட்டியையும் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் எழுதிக் குடுத்துரு."

"பேரு என்ன?" என்று விறைப்பாகவே கேட்டாள். கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மீசைக்காரர் கைகட்டி நின்றார்.

"இசக்கித்துரை, டீச்சர்."