பயத்துக்கு நான்கு சுரங்கள்

எழும்பூரில் ரயிலிலிருந்து இறங்கிய ஜோவிட்டா, எதிரே நின்ற தாயைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினாள். அவள் காதுக்குள் வயலின்கள் தாழ்ந்த குரலில் நான்கு சுரங்களை இழுக்கத் தொடங்கியிருந்தன.

அது செவியிழையின் வேலை. அணிந்தவரின் நாடியையும் எதிரில் இருப்பவரின் முகத்தையும் படித்து, அந்தக் கணத்துக்கான பின்னணி இசையைக் காதுக்குள் வாசிக்கும். புல்லாங்குழல் கேட்டால் மக்கள் நெருங்கினார்கள். வயலின்கள் கேட்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார்கள். குழந்தைகளுக்குப் பேச்சு வரும்போதே அதை மாட்டிவிடுவது வழக்கமாகியிருந்தது; ஜோவிட்டாவும் அப்படி வளர்ந்தவள்தான்.

தாய் பெனடிக்டா மட்டும் அணிவதில்லை. முப்பத்தொரு படங்களுக்கு இசையமைத்தவள்; எந்நேரமும் காதில் இன்னொரு இசை ஓடினால் வேலை நடக்காது என்பாள்.

அன்று அவளிடம் ஒரு செய்தி இருந்தது. மூளையில் கட்டி, புதன்கிழமை அறுவை சிகிச்சை. தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் மகளை வரவழைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் ஜோவிட்டா தலையைக் குனிந்துகொண்டு, தாயைப் பார்த்தாலே அந்த வயலின் வருகிறது, பயமாக இருக்கிறது என்றாள். பெரம்பூரில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அதன் பிறகு அழைப்புகளை எடுக்கவில்லை.

திங்கள் காலை பெனடிக்டா, செவியிழையை உருவாக்கிய பொறியாளர் இளவழுதியை அழைத்தாள். கருவிக்கு அச்சத்தைக் கற்பிக்க அவளுடைய படங்களைத்தான் அவர் பயன்படுத்தியிருந்தார். அவளே கையெழுத்துப் போட்டு அனுமதித்தது. நடந்ததைக் கேட்டதும் அவர் விளக்கினார்.

"உங்க படத்துல கத்தி வச்சிருக்கவன் முகத்துக்கும் அதே நாலு சுரம், பயந்து நிக்கிறவ முகத்துக்கும் அதே நாலு சுரம். பயப்படுறவங்க யாரு, பயமுறுத்துறவங்க யாருன்னு அதுக்குப் பிரிச்சுத் தெரியாதும்மா."

பெனடிக்டா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இத்தனை ஆண்டுகளாக எத்தனை நோயாளிகளைக் கண்டு, எத்தனை கலங்கிய முகங்களைக் கண்டு ஊர் விலகிப் போயிருக்கும்?

பெரம்பூரில் தோழி வீட்டுக் கதவைத் திறந்த ஜோவிட்டா, கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகவே பெனடிக்டா கெஞ்சினாள். ஐந்து நிமிடம் மட்டும் அதைக் கழற்றும்படி கேட்டாள். மகள் வெகுநேரம் தயங்கினாள். பிறகு செவியிழையைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சங்கிலியை விலக்கினாள். திடீர் நிசப்தத்தில் அவளுக்குத் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெனடிக்டா எல்லாவற்றையும் சொன்னாள். கட்டியை, புதன்கிழமையை, பிழைப்போமா என்று தெரியாத பயத்தை. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. மகள் கதவைத் திறந்துவிட்ட நிம்மதியில் கண்ணீரோடு சிரிப்பும் வந்தது.

ஜோவிட்டா அருகில் வந்து தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியை, கண்களை, உதடுகளைத் தெரியாத எழுத்தைப் படிப்பவளைப் போல மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக, "இப்ப நீங்க அழறீங்களா, சிரிக்கிறீங்களா?"