சிவப்பு உறையும் நீல உறையும்

"நமக்கு ரெண்டு கண்ணு இருக்கே, ஒண்ணு தூங்கும்போது இன்னொண்ணு ஏன் காவல் இருக்கிறதில்ல?"

துப்பறிவாளரிடம் அவருடைய மகள் சின்ன வயதில் கேட்ட கேள்வி இது. அன்று அவர் சிரித்து மழுப்பிவிட்டார். குழந்தையின் கேள்வியை மழுப்பினால் அது எங்காவது காத்திருந்து திரும்பி வரும். பல வருடம் கழித்து ஒரு காலையில், அழுது முகம் வீங்கிய ஒரு பெண்ணோடு அது அவருடைய வாசலில் வந்து நின்றது.

அவள் ஒரு ஆஸ்பத்திரியின் கணினிப் பொறியாளர்.

"முதல்ல தண்ணி குடிம்மா," என்றார் அவர். "அப்புறம் சொல்லு."

"நேத்து மத்தியானம் கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துடுச்சு, சார். நான்தான் வேணும்னே நிறுத்தினேன்னு நிர்வாகி சொல்றார். சாயந்திரத்துக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கணுமாம். இல்லன்னா போலீஸ். என் பொழப்பே போச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். பூட்டுக்கடை வைத்திருப்பவர். கடையைவிட அத்தானின் வழக்குகளில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். "அப்போ அந்த அறையில யார் யார் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான். உள்ள போகவும் வெளிய வரவும் அட்டை காட்டணும். அட்டையைச் சரிபார்க்கிறதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். அது நின்னதும் கதவும் பூட்டிக்கிச்சு. உள்ளயே மாட்டிக்கிட்டேன்."

"பூட்டின அறை, ஒரே ஆள். கேஸ் முடிஞ்சது, அத்தான்!"

"யாருக்கு எதிரா முடிஞ்சது, மாப்ளே?"

மைத்துனர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவள் விளக்கினாள். அறையில் இரண்டு சர்வர்கள். ஒன்றையொன்று ஓயாமல் 'இருக்கியா?' என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால் மற்றது அந்த நொடியே வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் எது நிஜம் என்று தெரியாதல்லவா? அதனால் தகவல் முழுவதும் இரண்டுக்கும் பொதுவான ஒரே சேமிப்புப் பெட்டியில் இருந்தது. இரண்டுக்கும் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு சாட்சி வட்டும் உண்டு.

"அந்தச் சாட்சி எங்க இருக்கு?"

"அதே பெட்டியிலதான்."

"பெட்டி படுத்தா?"

"படுக்காது, சார். அதுக்கு ரெண்டு மின்கம்பி. சிவப்பு உறை ஒரு மின்வழிக்கு, நீல உறை வேற மின்வழிக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்."

"கம்பி ரெண்டும் போய்ச் சேருற இடத்தைப் பார்த்தியா?"

"மின்பணியாளர்கிட்ட அப்படித்தான் போடச் சொன்னேன். உறையும் சரியா இருந்துச்சு." சற்று யோசித்தாள். "ஒவ்வொரு சர்வரையும் அணைச்சு சோதிச்சோம். எல்லாரும் கை தட்டினாங்க."

"பெட்டியை அணைச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல, சார்," என்றாள் அவள்.

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்வர் அறைக்கு ஜன்னல் இல்லை. உடைத்த பூட்டுக்குப் பதிலாக ஒரு தாழ்ப்பாள் தொங்கியது. கதவைச் சாத்தியதும் குளிரும் இயந்திர இரைச்சலும் சேர்ந்து நெஞ்சை அழுத்தின. அவள் கைகள் தாமாகவே கதவைத் தேடின.

"நேத்து உன்னை யாரும்மா வெளிய எடுத்தது?"

"பக்கத்து சிகிச்சை அறை நர்ஸ் அக்கா. நான் தட்டின சத்தம் கேட்டு வாட்ச்மேனைக் கூட்டிட்டு வந்து பூட்டை உடைச்சாங்க. அதுக்குள்ள பெட்டிக்குத் தானாவே உயிர் வந்திருந்துச்சு. சர்வர்களை மட்டும் நான் எழுப்ப வேண்டியிருந்தது."

கதவுக்கு நேர் எதிரே வாட்ச்மேனின் நாற்காலி. துப்பறிவாளர் அதில் மைத்துனரை உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சுவரையும் கதவையும் ஓங்கித் தட்டினார். பிறகு வெளியே வந்தார்.

"என்ன அத்தான், எப்போ தட்டப் போறீங்க?" என்றார் மைத்துனர்.

"தட்டியாச்சு, மாப்ளே."

அடுத்தது சிகிச்சை அறை. கட்டில், மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மருந்துப் புகை கொடுக்கும் இயந்திரம், சுவரில் மின்சாரக் கடிகாரம். மைத்துனர் அதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்கினார். "என்னோடது கால் மணி வேகமா ஓடுது போல."

"திருகாதே. உன்னோடது சரிதான்," என்ற துப்பறிவாளர், குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம் இருந்தது. "எல்லாரையும் இங்க வரச் சொல்லு."

நிர்வாகி, மின்பணியாளர், நர்ஸ், பொறியாளர் நால்வரும் வந்தார்கள். துப்பறிவாளர் முதலில் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"நேத்து இங்க மூச்சுத் திணறலோட ஒரு குழந்தை வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னார். இப்போ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கான், சார். காலையில பால் குடிச்சான்." அவள் முகம் மலர்ந்தது.

"மருந்துப் புகை கொடுக்க எந்த பிளக்கைக் கழட்டினீங்க?"

"அதோ, கட்டிலுக்கடியில இருக்கே, அதை. இந்த அறையில மத்த ரெண்டு பிளக் பாயிண்டும் செத்து மாசக்கணக்காச்சு. சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். பையன் தேறினதும் திருப்பி மாட்டிட்டேன். ஏன் சார்?" கேட்டுவிட்டு மற்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். மெல்லப் புரிந்தது. "ஐயோ! அப்போ அந்தப் பொண்ணை உள்ள பூட்டினது நானா?"

"பார்த்தீங்களா! இவதான்..." என்று நிர்வாகி விரலை நீட்டினார்.

"விரலை மடக்குங்க, சார்," என்றார் துப்பறிவாளர் அமைதியாக. "எதிர்ல உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்கு கேட்காத சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் இவங்களுக்கு கேட்டுச்சு. அப்படின்னா சுவர்ல ஓட்டை இருக்கணும். ஓட்டைன்னா அது வழியா ஏதோ வருதுன்னு அர்த்தம். இந்தக் கடிகாரம் கால் மணி தாமதம்; நேத்து அவ்வளவு நேரம் கரண்ட் இல்லாம நின்னிருக்கு. மருந்துப் புகை கொடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். கட்டிலுக்கடியில ஒரே ஒரு பிளக். அதுல ஒரு இணைப்புப் பலகை. பலகையில கடிகாரம், சிவப்பு உறைக் கம்பி, நீல உறைக் கம்பி மூணும் இருக்கு."

பொறியாளர் மண்டியிட்டுப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே இடத்துக்கா வருது?"

"ரெண்டு சர்வருக்கும் ஒரே பெட்டி, சாட்சியும் அதே வீட்டுல குடியிருக்கு. பெட்டிக்கு ரெண்டு கம்பி, ரெண்டுக்கும் ஒரே பிளக். ரெண்டு கண்ணுக்கும் தூக்கம் ஒண்ணுதான்."

மின்பணியாளர் தலை குனிந்தார். "ரெண்டாவது வழிக்குத் தரையை உடைக்கணும், சார். திறப்பு விழாவுக்கு விருந்தாளிங்க வர்றாங்க, தரையில கை வைக்காதேன்னு நிர்வாகி சொன்னார். அப்புறம் பார்த்துக்கலாம்னு இப்படி மாட்டினேன். அப்புறம்ங்கிறது வரவே இல்ல."

நிர்வாகி கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

"இரக்கமுள்ள எந்தக் கையும் நேத்து அந்த பிளக்கைத்தான் பிடுங்கியிருக்கும்," என்றார் துப்பறிவாளர். "நல்ல கை பட்டா விழற மாதிரி கட்டினவங்க மேலதான் தப்பு. இந்தப் பொண்ணுகிட்ட இனி யாரும் எழுதி வாங்க வேண்டாம்."

நர்ஸ் பொறியாளரின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடும்மா. நீ தட்டினது கேட்டுச்சு. ஆனா பையனை விட்டுட்டு உடனே வர முடியல. கொஞ்சம் தேறினதும்தான் ஓடி வந்தேன்."

"நீங்க கேட்டதே போதும், அக்கா," என்றாள் அவள்.

வெளியே வரும்போது மைத்துனர் சொன்னார்: "பூட்டுல ஒண்ணுமே இல்லாம ஒரு பூட்டின அறை கேஸ். என் கடைக்கு இது நல்லதில்ல, அத்தான்."

தரை உடைக்கப்பட்டது. சிவப்பு, நீலக் கம்பிகள் கட்டிலுக்கடியை விட்டுப் போயின. இரண்டாவது மின்வழி வந்தது, இரண்டாவது சேமிப்புப் பெட்டி வந்தது, சாட்சி வேறு கட்டடத்துக்குக் குடிபோனது. சிகிச்சை அறையின் செத்த பிளக் பாயிண்டுகளை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள். கடவுள் சில வேலைகளை, அவற்றுக்குக் கடன்பட்டவர்களுக்கென்றே விட்டுவைக்கிறார்.

ஒரு விடுமுறைக் காலை. சிகிச்சை அறையில் யாருமில்லை. பொறியாளர் துணிப்பையோடு உள்ளே வந்தாள். பையிலிருந்த பேட்டரிப் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்து, அதன் பிளக்கைச் சுவரில் மாட்டினாள். மருந்துப் புகை இயந்திரத்தைப் பெட்டியில் இணைத்து ஓடவிட்டாள்.

இந்த முறை யாரையும் நம்பி விடவில்லை. சுவரிலிருந்த பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, இயந்திரத்தை அணைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.